கம்பளையிலிருந்து வந்த நுணுக்குக்காட்டி

அதிகாரிகள் இருவர் வந்து பார்த்து, ஒரு கடதாசியில் கையொப்பம் இட்டுவிட்டால் ராத்தா டாக்டராகிவிடுவாள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அந்தக் கையொப்பத்துக்காகவும் சேர்த்துத் துஆக் கேட்டார். வாப்பா, டாக்டர்மார் அணியும் வெள்ளைக் கோட்டின் வெட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாள் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய், நோய் எதுவும் இல்லாமல், நோயாளர் வாங்கில் இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்றுதான் அழைப்போம். எனக்கு அவள் ஆறு வயது மூத்தவள். பதினோராம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் அதிவிசேட சித்தி பெற்றிருந்தாள். எங்கள் பாடசாலையில் அப்படி எடுத்த பிள்ளைகள் அந்த வருடம் எட்டுப் பேர் இருந்தார்கள். அதற்கு முன்னர் எந்த வருடமும் இரண்டு மூன்று பேரைத் தாண்டியதில்லை. ஆனால் அதற்கடுத்த இரண்டு வருட உயர்தர வகுப்பில் எங்களிடம் கலைப்பிரிவு மட்டுமே இருந்தது. விஞ்ஞானம் படிக்க வேண்டுமானால் இரண்டு பஸ் மாறிக் கண்டிக்குப் போக வேண்டும், அல்லது கம்பளைக்குப் போய் விடுதியில் தங்க வேண்டும். வாப்பா இரண்டையும் பல நாட்கள் யோசித்தார். மகாவலிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குமர்ப் பிள்ளையைத் தனியே அனுப்பும் துணிவு அவருக்கு வரவில்லை. எங்கள் தெருவில் அக்காலத்தில் எவருக்கும் அது வந்திருக்கவில்லை. ஆகவே ராத்தா விஞ்ஞானத்திடம் போக முடியாது, விஞ்ஞானம்தான் ராத்தாவிடம் வர வேண்டும் என்று முடிவாயிற்று.

அந்தப் பாடசாலை, கண்டியிலிருந்து திகனைக்குப் போகும் வீதியில், பிரதான பாதையை விட்டுச் சற்று உள்ளே, ஒரு சரிவில் இருக்கிறது. பள்ளிவாசல் காணியில் தகரக் கூரை போட்ட ஒற்றை மண்டபமாகத் தொடங்கியது. நான் படித்த காலத்திலும் அந்த மண்டபம் இருந்தது. வகுப்புகளுக்கு இடையே சுவர் கிடையாது, கரும்பலகைகள்தாம் சுவர். ஐந்தாம் தரத்துப் பிள்ளைகள் வாய்பாடு சொல்லும்போது ஆறாம் தரத்தில் இருந்த நாங்களும் சேர்ந்து சொன்னால்தான் எங்களுடைய பாடம் சீக்கிரம் தொடரும். மணி என்று நாங்கள் சொன்னது மாமரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு. நூலகம் என்று ஏட்டில் எழுதியிருந்தது அதிபரின் அறையில் நின்ற ஓர் அலுமாரி. பிள்ளைகள் கை வைத்தால் புத்தகங்கள் பழுதாகிவிடும் என்பதற்காக அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

ஆய்வுகூடம் இருக்கவில்லை. மனையியல் அறையைத்தான் ஆய்வுகூடமாக மாற்றினார்கள். பெற்றோர் ஐந்தாறு சனிக்கிழமைகள் சிரமதானம் செய்தார்கள். சுவருக்கு வெள்ளை பூசினார்கள், நீளமான மேசைகள் நான்கு அடித்தார்கள். வாப்பா கறுப்புத் திரைகள் தைத்தார், பிறகு எட்டுப் பிள்ளைகளுக்கும் எட்டு வெள்ளைக் கோட்டுகள் தைத்தார். மேசைகளில் இரண்டு கைகழுவும் தொட்டிகள் பதிக்கப்பட்டு, அவற்றுக்கு மேலே பளபளக்கும் இரண்டு குழாய்களும் பொருத்தப்பட்டன. அந்தக் குழாய்களுக்குப் பின்னால் தண்ணீர் வரும் வழி எதுவும் இல்லை என்பது பாடசாலை முழுவதும் அறிந்த இரகசியம்.

உபகரணங்களும் இருக்கவில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவு கேட்டு அதிபர் விண்ணப்பித்த ஒவ்வொரு முறையும் உபகரணங்கள் இல்லை என்று கல்விப் பணிமனை திருப்பி எழுதியது. உபகரணங்கள் கேட்டு எழுதினால், உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலைக்கு அவற்றை வழங்க முடியாது என்று பதில் வந்தது. இரண்டு கடிதங்களிலும் ஒரே அதிகாரியின் கையொப்பம் இருந்ததாக வாப்பா சொல்வார்.

இந்த முறை அதிகாரிகள் நேரிலேயே வருவதாகத் தகவல் கிடைத்ததும், அதிபர் ஓர் ஏற்பாடு செய்தார். கம்பளையில் ஒரு பெரிய பாடசாலையில் அவருடைய மச்சான் உப அதிபராக இருந்தார். அங்கிருந்து இரண்டு நாட்களுக்குச் சாமான்களை இரவல் வாங்கி, மேசைகளில் அடுக்கி, அதிகாரிகள் போன பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவது.

இதைச் சொல்வதற்காக அதிபர் பெற்றோர் சிலரையும் விஞ்ஞான டீச்சரையும் அழைத்திருந்தார். நான் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். விஞ்ஞான டீச்சர் யாழ்ப்பாணத்தவர். சண்டையில் இடம்பெயர்ந்து, பல ஊர்கள் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தவர். பாடசாலைக்குக் கீழே ஒரு வீட்டின் பின்னறையில் தனியே வாடகைக்கு இருந்தார். அந்த எட்டுப் பிள்ளைகளின் பெறுபேறும் அவர் கையால் வந்தது.

“இருக்கிறதை இருக்கெண்டு காட்டுவம் சேர். இல்லாததை இல்லையெண்டு எழுதிக் குடுப்பம்” என்றார் டீச்சர்.

“இல்ல, இல்ல எண்டு எழுதிக் குடுத்த கடதாசி எல்லாத்தையும் அடுக்கினா ஒரு ஆய்வுகூடமே கட்டலாம் டீச்சர்” என்றார் அதிபர். “கலியாண வீட்டுக்குப் பள்ளியில இருந்து சஹன் எடுத்துக்கொண்டு வாறோம். சாப்பிட்டு முடிய கழுவித் திருப்பிக் குடுக்கிறோம். விருந்துக்கு வந்தவன் சஹன் யாருடையது எண்டு கேக்கிறானா?”

சஹன் என்பது எங்கள் விருந்துகளில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு. எந்தக் குடும்பமும் அதைச் சொந்தமாக வாங்கி வைப்பதில்லை. பள்ளிவாசலில் இருக்கும், தேவைப்பட்டவர் எடுப்பார். அந்த நியாயம் அறையில் இருந்த எல்லோருக்கும் விளங்கியது. 

“சரி. ஆனா எல்லாம் கண்ணாடிச் சாமான். நான்தான் அவிழ்ப்பன். ஒருத்தரும் தொடப்படாது” என்றார் டீச்சர்.

சாமான்கள் மரக்கறி ஏற்றும் வான் ஒன்றில், வைக்கோலுக்குள் பொதிந்து வந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு, அளவுக் குழாய்கள், சுடரடுப்புகள், சாடிக்குள் ஒரு தவளை. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் இரண்டு நுணுக்குக்காட்டிகள். டீச்சர் ஒவ்வொன்றாக அவிழ்த்து மேசையில் வைத்த பிறகுதான் யாரும் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. அரசாங்கப் பாடசாலைகளில் கதிரை முதல் கரும்பலகை வரை ஒவ்வொரு பொருளிலும் பாடசாலையின் பெயரையும் ஏட்டு இலக்கத்தையும் வெள்ளைப் பெயின்றால் எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. பிறந்தது முதல் அப்படிப்பட்ட கதிரைகளிலேயே உட்கார்ந்து பழகியவர்கள், அந்த எழுத்து கம்பளைச் சாமான்களிலும் இருக்கும் என்பதை மறந்துவிட்டார்கள். நுணுக்குக்காட்டியின் இரும்புக் காலில், கோணலான வெள்ளை எழுத்துகளில், கம்பளை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பெயின்றைச் சுரண்ட முடியாது. நாளை மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள். கடதாசிச் சீட்டு எழுதி அதன்மேல் ஒட்டிவிடலாம் என்று அதிபரே வழி சொன்னார். எழுதுவதற்கு ஆள் தேடியபோது வாப்பா என்னை முன்னால் தள்ளினார். அந்த வருடம் கோட்ட மட்டக் கையெழுத்துப் போட்டியில் எனக்கு முதலிடம் கிடைத்திருந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் வாப்பா அந்தச் சான்றிதழைக் காட்டுவார். தவறு என் தோள்மேல் கை வைத்த இடத்தை நான் பின்னர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அது பெருமையான ஓர் இடமாகத்தான் இருந்தது.

அஸர் தொழுகைக்குப் பிறகு மனையியல் அறையின் மூலையில் உட்கார்ந்து இருபத்தாறு சீட்டுகள் எழுதினேன். எங்கள் பாடசாலையின் பெயர், அதன் கீழே ஓர் இலக்கம். உம்மா கோதுமை மாவில் பசை காய்ச்சி அனுப்பியிருந்தார். நான் எழுத எழுத, ராத்தா பசை தடவி ஒட்டினாள். கடைசிச் சீட்டு முடிந்ததும் டீச்சர் அவளை நுணுக்குக்காட்டியின் முன்னால் உட்கார்த்தினார். மறுநாள் அதிகாரிகளுக்கு வெங்காயத் தோலின் கலங்களைக் காட்ட வேண்டியவள் அவள்; அதற்கு முன்னர் ஒரு நாளும் அந்தக் கருவியைத் தொட்டதில்லை.

“மெதுவாத் திருப்பு பிள்ளை. அவசரப்பட்டால் ஒண்டும் தெரியாது.”

ராத்தா மெதுவாகத் திருப்பினாள். பிறகு கண்ணை அதிலிருந்து எடுக்கவேயில்லை. தேத்தண்ணீர் வந்து ஆறிப் போயிற்று. டீச்சர் அவளை எழுப்பாமல் யன்னலருகே நின்றார். வெகு நேரத்துக்குப் பிறகு ராத்தா தலையை நிமிர்த்தி, “மதில் கட்டினாப் போல ஈக்கிது டீச்சர். ஒவ்வொரு கல்லுக்குள்ளேயும் ஒரு புள்ளி ஈக்கிது” என்றாள். அவளுடைய வலது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம் பதிந்திருந்தது. என்னையும் பார்க்கச் சொன்னாள். நான் பார்த்தேன், என் கண்ணிமை மயிர்தான் பெரிதாகத் தெரிந்தது. மதில் தெரிகிறதா என்று கேட்டாள். தெரிகிறது என்று சொன்னேன்.

மறுநாள் காலை அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் சிங்களவர், பெரிய பதவிக்காரர்; வெயிலையும் சரிவையும் குறித்துச் சலிப்போடு இருந்தார். மற்றவர் மலையகத் தமிழர், விஞ்ஞானப் பாடத்துக்கு ஆலோசகர், தடித்த கண்ணாடி போட்டிருந்தார். வெற்றிலைக் கட்டுக் கொடுத்து வரவேற்பது என் வேலை. கொடுத்து முடிந்ததும் வகுப்புக்குப் போக வேண்டியவள், யாரும் விரட்டாததால், ஊர்வலத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தேன்.

எட்டுப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டில் நின்றார்கள். வாப்பா குழாய்களுக்கு முன்னால் நின்றார். அது முன்னரே பேசி வைத்த ஏற்பாடு. இரண்டு குழாய்களையும் ஒரே ஆள் மறைக்க வேண்டியிருந்ததால், கைகளைப் பின்னால் கட்டி, கால்களை அகட்டி, பெரிய அதிகாரி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் சற்றே சாய்ந்தார். அறையில் எல்லோருடைய அச்சமும் அந்தக் குழாய்களில்தான் இருந்தது. என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

பெரிய அதிகாரி ஒரு சுற்று நடந்துவிட்டு, அதிபரோடு வாசலுக்குப் போய், கட்டடத்தின் வயதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். ஆலோசகர் பின்தங்கினார். ராத்தாவின் மேசைக்கு வந்து, குனிந்து வெங்காயத் தோலைப் பார்த்தார்.

“நல்லா ஃபோகஸ் பண்ணியிருக்கீங்கம்மா. கருவெல்லாம் தெளிவாத் தெரியுது” என்றார். ராத்தா முகம் சிவந்து நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்த அந்த வார்த்தையில் எனக்கும் கொஞ்சம் வேண்டும் போல் இருந்தது.

நிமிர்ந்தவரின் கண் நுணுக்குக்காட்டியின் காலில் இருந்த சீட்டில் விழுந்தது. “எழுத்து அழகா இருக்கே. யாரு எழுதுனது?” என்று கேட்டார்.

“நான்தான் சேர்.”

“அடேங்கப்பா. என்ன வகுப்பு?”

“ஆறாம் தரம் சேர்.”

“எல்லாமே நீங்கதானா?”

“ஓ சேர். இருபத்தாறும். நேத்து அஸருக்குப் பிறகு எழுதின.”

“நேத்தா” என்றார் அவர். அது கேள்வியாக இல்லை. அவர் முகத்தில் இருந்த புன்னகை அப்படியே இருந்தது. அவருக்கு என் எழுத்தில் இன்னும் அக்கறை இருக்கிறது என்று நினைத்தேன். ஆகவே, யாரும் கேளாமலே, அதைச் சொன்னேன்.

“இதுக்கு முதல்ல இருந்த எழுத்து வடிவில்ல சேர். பெயின்றால கோணல் மாணலா எழுதியிருந்தாங்க. அதான் மேல ஒட்டின.”

அவர் விரல் நகத்தால் சீட்டின் ஓரத்தைத் தொட்டார். உம்மாவின் பசை இன்னும் ஈரமாக இருந்தது. சீட்டு எதிர்ப்பின்றி எழுந்து வந்தது. அடியில் இருந்ததைக் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார். பிறகு சீட்டைப் பழையபடி வைத்து, பெருவிரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

“பசை காயலம்மா” என்றார் என்னிடம். “எழுத்த மட்டும் விட்றாதீங்க. நல்லா வரும்.”

தன்னுடைய சிறிய கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நுணுக்குக்காட்டியின் திருகில் இருந்த கையை எடுக்காமல், அதன் காலில் ஒட்டியிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த மேசையருகே டீச்சர் நின்றார். வாப்பா அறையின் மறுகோடியில் இன்னும் குழாய்களைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அதிகாரிகளுக்கு விருந்து நடந்தது. ஆலோசகர், தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து உம்மா அவித்த வட்டிலப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மனதில் பிடிக்காதவன் இரண்டாம் முறை கேட்க மாட்டான் என்று பெற்றோர் தமக்குள் பேசிக்கொண்டார்கள். குழாய் தப்பியது என்பதை வாப்பா வீட்டில் நடித்துக் காட்டினார். உம்மா சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் என் பங்கைச் சொல்வதற்கு வாயைத் திறந்தேன். ராத்தா என் கையைப் பிடித்துக் குசினிக்கு இழுத்துப் போனாள்.

“அந்த சேர் உன்னோட பேசினதை வாப்பாக்கிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. விளங்கிச்சா?”

“ஏன்?”

“சொல்லாத எண்டா சொல்லாத.”

எனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தனக்கு ஒரு பாராட்டும் எனக்கு இரண்டு பாராட்டும் கிடைத்துவிட்டதால் ராத்தாவுக்குப் பொறாமை. ஒரு கிழமை முழுவதும் அவளோடு நான் பேசவில்லை. அவளும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முந்திய கிழமை கடிதம் வந்தது. ஆய்வுகூட வசதிகள் போதாமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இரண்டு வரிகள். அதிபர் அதை வாப்பாவின் கடைக்கே கொண்டுவந்து காட்டினார். வாப்பா வாசித்துவிட்டுத் தையல் யந்திரத்தின் மேல் வைத்தார். பிறகு எடுத்து, அதில் எண்ணெய் பட்டிருக்கிறதா என்று பார்த்து, திருப்பிக் கொடுத்தார்.

இருபத்தாறு சீட்டும் ஒட்டியிருந்தன, குழாயை யாரும் திருகவில்லை, வட்டிலப்பம் இரண்டு முறை போயிற்று. அப்படியானால் யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடையில் கூடியவர்கள் அந்த யாரோவைத் தேடி நெடுந்தூரம் போகவில்லை.

“டீச்சருக்கு முதல்லேயே இதில விருப்பமில்லயே” என்றார் ஒருவர்.

“வெளியூர் ஆள். நம்மட புள்ளைகள் முன்னேறினா அவக்கு என்ன, முன்னேறாட்டி என்ன” என்றார் இன்னொருவர்.

 மறுநாள் வாப்பா, டீச்சர் சட்டை தைப்பதற்குக் கொடுத்திருந்த துணியை, வெட்டாமல், பழைய பத்திரிகையில் சுற்றி என் கையில் தந்தார். “டீச்சருக்குக் குடுத்திட்டு வா. வாப்பாக்கு நேரமில்லயாம் எண்டு சொல்லு.”

டீச்சர் பொதியை வாங்கி, அதன் எடையிலேயே விளங்கிக்கொண்டவர் போல, பிரிக்காமல் கட்டிலில் வைத்தார்.

“அப்பா தைக்கேல்லையோ?”

“வாப்பாக்கு நேரமில்லயாம் டீச்சர்.”

“ஓம், ஓம். பெருநாள் தையல் கூடத்தானே இருக்கும்” என்றார். உட்காரச் சொல்லி, ஒரு பேணியைத் திறந்து, பனங்கட்டித் துண்டு ஒன்றை என் கையில் வைத்தார். பேணியில் அதன் பிறகு ஒன்றோ இரண்டோ துண்டுகள்தான் இருந்தன. “உன்ர எழுத்து வடிவு பிள்ளை. அதிலை ஒரு பிழையும் இல்லை” என்று சொன்னார். வாப்பாவுக்குக் கோபம் வரும் என்று தோன்றியதால், வீட்டுக்குப் போகும் முன்னரே அதைத் தின்று முடித்து, கையையும் வாயையும் வீதிக் குழாயில் கழுவிக்கொண்டேன்.

அந்தத் தவணை முடிவில் டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போகிற ஆசிரியருக்குப் பிரியாவிடை வைப்பது எங்கள் பாடசாலையில் தவறாத வழக்கம்; அவருக்கு வைக்கப்படவில்லை. ராத்தா கலைப்பிரிவில் சேர்ந்தாள். எட்டுப் பேரில் ஒரே ஒருவன் கண்டிக்குப் போய் விஞ்ஞானம் படித்தான். மற்றவர்கள் கலை படித்தார்கள், அல்லது நின்றுவிட்டார்கள். நான் ஏழாம் தரத்துக்குப் போனபோது, வாப்பா ராத்தாவின் வெள்ளைக் கோட்டைப் பிரித்து எனக்குப் பாடசாலைச் சட்டை தைத்தார். நல்ல துணி, மூன்று வருடம் உழைத்தது. புதுச் சட்டை என்று தெருவெல்லாம் காட்டிக்கொண்டு நடந்தேன். காலையில் அதற்கு ஸ்திரிக்கை போட்டுத் தந்தவள் ராத்தா.

அவள் இருபது வயதில் திகனையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஒரு மகளை வீட்டோடு வைத்துக்கொண்ட வருத்தமோ என்னவோ, வாப்பா அடுத்த மகளைக் கண்டிக்கு அனுப்பினார். பாலத்தைக் கடந்து, இரண்டு பஸ் மாறி, நான் படித்தேன். ஒரு நூலகத்தில் வேலையும் கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நன்கொடையாக வந்த பழைய புத்தகம் ஒன்றில், வேறொரு நூலகத்தின் முத்திரைக்கு மேல் எங்கள் சீட்டை ஒட்டினேன். பசை தடவிய சீட்டைப் பெருவிரலால் அழுத்தியபோதுதான் எனக்கு விளங்கியது. ‘பசை காயலம்மா’ என்று சொன்னவர் எதை வாசித்தார் என்பதும், ராத்தா ஏன் சொல்லாதே என்றாள் என்பதும், பனங்கட்டி எதற்கு என்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று.

பதினொரு வயதுப் பிள்ளை செய்ததை நான் மன்னித்துவிட்டேன். அது கடினமாக இருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் விளங்கிய பிறகும் வாய் திறக்காமல் இருந்தவளை மன்னிப்பதுதான் இன்னும் முடியாமல் இருக்கிறது. வாப்பா அதன் பின்னும் பன்னிரண்டு வருடங்கள் இருந்தார். அந்த டீச்சரின் பேச்சு வரும்போதெல்லாம், ‘அவ படிப்பிச்சது நல்லாத்தான், மனசுதான் சரியில்ல’ என்பார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். அவருடைய முதுமையைக் காரணம் காட்டி, அடுத்த முறை என்று விட்டுவிடுவேன். அந்த நம்பிக்கையோடேயே அவர் மௌத்தானார்.

இப்போது அந்தப் பாடசாலைக்கு மூன்று மாடிக் கட்டடம் இருக்கிறது. ஆய்வுகூடங்கள் மூன்று, எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வருகிறது. நூலகத்தைப் பூட்டுவதில்லை. விஞ்ஞானப் பிரிவும் வந்துவிட்டது. இவ்வருடம் நினைவு மலர் ஒன்று வெளியிடுகிறார்கள். பாடசாலையின் வரலாறும் வளங்களும் என்ற பகுதியை எழுதித் தரும்படி இப்போதைய அதிபர், என்னிலும் இளையவர், கேட்டுக்கொண்டார். பழைய சம்பவத் திரட்டுப் புத்தகங்களை என் முன்னால் வைத்தார். பழைய அதிபரின் சாய்வெழுத்தில் அந்த நாளைத் தேடிப் பிடித்தேன். விஞ்ஞானப் பிரிவு பெறுவதற்கான முயற்சி சில காரணங்களால் கைகூடவில்லை என்று எழுதியிருந்தார். அந்தச் சில காரணங்கள் கதிரையில் உட்கார்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்தன.

அந்த வெள்ளிக்கிழமை திகனைக்குப் போனேன். ராத்தா மூக்குக்கண்ணாடியோடு, பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் யார் மருந்து வாங்கினாலும் அந்தத் தாளை அவளிடம் கொண்டுவருவார்கள். பொடி எழுத்தில் கடைசி வரிவரை வாசிப்பாள். அவர்கள் போன பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

“இதச் சொல்லவா பஸ் ஏறி வந்த?” என்றாள். “அவங்க எப்பிடியும் தந்திருக்க மாட்டாங்க. எட்டுப் புள்ள, ஒரு டீச்சர். அதுக்கு யாரு பிரிவு தருவா?”

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா என்று அவள் முகத்தில் தெரியவில்லை. டீச்சரைப் பற்றிக் கேட்டேன். மடியில் இருந்த தாளை மடிப்புக் குலையாமல் மடித்து, பெட்டிக்குள் வைத்தாள்.

“அவவும் கேட்டுக்கொண்டுதானே நிண்டா. கடையில இப்பிடிக் கதைக்கிறாங்க எண்டு நான்தான் ஓடிப்போய்ச் சொன்ன. வாப்பாக்கிட்ட உண்மையச் சொல்லப் போறன் எண்டும் சொன்ன. அவ விடல்ல.” பிறகு டீச்சரின் வார்த்தைகளை டீச்சரின் பேச்சிலேயே சொன்னாள். இத்தனை வருடங்களில் ஓர் ஓசையும் தேயாமல் அது அவளிடம் இருந்தது. “‘சின்னப் பிள்ளை. அதின்ரை தலையிலை இதைப் போட்டிடாதை. நான் எப்பிடியும் போற ஆள்தானே.’”

வாசலில் பஸ் ஒன்று நின்று போயிற்று. ராத்தா எழுந்து தேத்தண்ணீர் வைக்கப் போனாள்.

மலரின் கடைசிப் பக்கத்தில் முன்னாள் ஆசிரியர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் விடுபட்டிருந்த ஒரு பெயரை என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். இந்த டீச்சர் எத்தனை வருடம் இங்கே இருந்தார் என்று இளம் அதிபர் கேட்டார். இரண்டு வருடமும் சில மாதங்களும் என்றேன். டீச்சர் வவுனியாவில் காலமாகிவிட்டதாகப் பின்னர் விசாரித்து அறிந்தேன். பழைய அதிபரும் இல்லை, உம்மாவும் இல்லை, குழாயைக் காத்தவரும் இல்லை. அந்த அறையில் என்ன நடந்தது என்று முழுதாக அறிந்தவர்களில், எனக்குத் தெரிந்து, இப்போது ராத்தா இருக்கிறாள், நான் இருக்கிறேன்.